18 டிகிரி சபதம்

ஆளை முதலில் பார்த்துவிடுவோம். வட்டமான, தடித்த கறுப்பு ஃபிரேம் கண்ணாடி. கழுத்தில் போ டை. முகத்தில், 'உலகத்தைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன், கொஞ்சம் வழிவிடுங்கள்' என்கிற பாவனை. 1887-ல் சுவிட்சர்லாந்தில், கடிகாரம் செய்கிற ஊர் ஒன்றில் பிறந்தவர். அப்பா அம்மா வைத்த பெயர் சார்ல் எதுவார் ஜான்ரே. இந்தப் பெயரோடு உலகப்புகழ் அடைய முடியாது என்று தோன்றியதோ என்னவோ, 1920-ல் லெ கொர்பூசியே ஆகிவிட்டார். சினிமாக்காரர்கள்தான் பெயர் மாற்றுவார்கள் என்று யார் சொன்னது?

1929-ல் இந்த மனிதர் புவனோஸ் அய்ரஸுக்குப் போய் மேடையேறி ஒரு சபதம் போட்டார். இனி ரஷ்யாவுக்கு ஒரு வீடு, எகிப்துக்கு ஒரு வீடு என்கிற பஞ்சாங்கமெல்லாம் வேண்டாம். எல்லா ஊருக்கும் ஒரே வீடு. காற்றுப் புகாமல் மூடிவிடுவோம். வெளியே பனியோ பாலைவனமோ, உள்ளே எப்போதும் 18 டிகிரி. பதினேழும் இல்லை, பத்தொன்பதும் இல்லை. கடிகார ஊர்க்காரர் அல்லவா!

எப்படியாம்? இரண்டு அடுக்குக் கண்ணாடிச் சுவர். நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி. குளிர்காலத்தில் அந்த இடைவெளிக்குள் சூடான காற்றை ஓட்ட வேண்டியது, கோடையில் குளிர்ந்த காற்றை ஓட்ட வேண்டியது. வெளியில் அடிக்கிற வெயிலுக்கும் உள்ளே இருக்கிற மனிதனுக்கும் சம்பந்தமே இருக்காது. அறைக்கு வேண்டிய மூச்சுக்காற்றை மெஷின் தனியாக அளந்து தரும். ஜன்னலைத் திறப்பதா? திறந்தால் சிஸ்டம் கெட்டுவிடும் சார், கையை எடுங்கள்.

மாஸ்கோவில் கட்டவிருந்த ஒரு பெரிய அலுவலகத்துக்கு இதையே சிபாரிசு செய்தார். அமெரிக்காவின் பிரபல காற்றுக் கருவிக் கம்பெனி ஒன்றிடம் கருத்துக் கேட்கப்பட்டது. செய்யலாம், ஆனால் வழக்கமான முறையைவிட நாலு மடங்கு நீராவியும் இரண்டு மடங்கு இயந்திர சக்தியும் தேவைப்படும் என்று பதில் வந்தது. சோவியத்காரர்கள் உலகப் புரட்சிக்கே தயாராக இருந்தவர்கள். இந்த பில்லைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டார்கள்.

ஆனால் பாரிஸ் மாட்டியது. வீடில்லாத ஏழைகளுக்கு சால்வேஷன் ஆர்மி என்கிற தொண்டு அமைப்பு ஒரு விடுதி கட்ட நினைத்தது. பண உதவி செய்தவர் போலின்யாக் இளவரசி. பரம்பரை அரண்மனைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பாட்டிமார் காலால் மிதித்த அதே சிங்கர் தையல் மெஷினைப் பிரபலமாக்கிய ஐசக் சிங்கருடைய 24 பிள்ளைகளில் ஒருவர். மெஷின் காசில் வளர்ந்தவர், மெஷின் பித்துப் பிடித்த ஆர்க்கிடெக்டிடம் வேலையைக் கொடுத்ததில் வியப்பென்ன?

தெற்கு நோக்கி ஆயிரம் சதுர மீட்டர் கண்ணாடி எழுந்தது. திறக்கும் ஜன்னல் கிடையாது. 1933 டிசம்பரில் ஜனாதிபதியே வந்து திறந்துவைத்தார். வெளியே எலும்பை உறைய வைக்கிற குளிர், உள்ளே கதகதப்பு. தாய்மார்களும் கைக்குழந்தைகளும் இதமாக இருந்தார்கள். கொர்பூசியே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

ஒரு சின்ன விஷயம்தான் பாக்கி. கட்டி முடிப்பதற்குள் காசு தீர்ந்துவிட்டது. இரண்டு கண்ணாடி ஒன்றானது. குளிரூட்டும் மெஷின் வரவே இல்லை. அதாவது சபதத்தில் மிஞ்சியது 'மூடிவிடுவோம்' என்கிற முதல் பாதி மட்டும்.

பிறகு கோடை வந்தது. வெயில் கண்ணாடிக்குள் சுலபமாக நுழையும். தரையும் கட்டிலும் அதை வாங்கிச் சூடேறித் திரும்ப விடுகிற வெப்ப அலைக்கோ அதே கண்ணாடி கதவைச் சாத்திவிடும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய அம்பாசடருக்குள் உட்கார்ந்தவர்களுக்கு இந்த பிசிக்ஸ் பாடம் தேவையில்லை. குழந்தைகள் காப்பகத்தில் பிஞ்சுகள் வெந்து துடித்தன. ஜன்னல் வையுங்கள் என்றார்கள் அதிகாரிகள். முடியாது, கொள்கை என்னாவது என்றார் நம்மவர். காவல்துறை நிர்வாகம் வரைக்கும் தகராறு போய், கடைசியில் திறக்கும் ஜன்னல்கள் வைக்கப்பட்டன. காற்று வாங்குவதற்குப் போலீஸ் தலையிட வேண்டியிருந்தது!

அதே காலத்தில், பாரிஸுக்கு வெளியே புவாஸியில் மேடம் சவோய் வேறு பிரச்னையில் இருந்தார். அவருக்குக் கட்டிக்கொடுத்த வெள்ளை வீடு இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அன்று, ஒழுகல். ஹாலில் மழை பெய்கிறது, சாய்தளத்தில் மழை பெய்கிறது, கராஜ் சுவர் ஊறிவிட்டது என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். நம் ஆள் சொன்ன யோசனை என்ன தெரியுமா? கீழ் ஹாலில் மேஜை போட்டு ஒரு பார்வையாளர் புத்தகம் வையுங்கள், எவ்வளவு பெரிய மனிதர்களின் கையெழுத்து சேரும் பாருங்கள்! நனையாத பேனா எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

கண்ணாடிப் பித்து அவரோடு நின்றதா? அமெரிக்காவில் மீஸ் வான் டெர் ரோ என்கிற ஆர்க்கிடெக்ட், எடித் ஃபார்ன்ஸ்வர்த் என்கிற சிறுநீரக டாக்டருக்கு நாலு பக்கமும் ஒற்றைக் கண்ணாடியால் ஒரு வார இறுதி வீடு கட்டினார். 1951-ல் முடிந்தது. கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் கண்ணாடியெல்லாம் நீர்த்திவலை, ராத்திரி விளக்குப் போட்டால் கொசு மாநாடு. டாக்டரும் ஆர்க்கிடெக்டும் கோர்ட்டில் சந்தித்துக்கொண்டார்கள்.

2013-ல் லண்டன் இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது. 'வாக்கி டாக்கி' என்று ஊரார் கேலி செய்கிற கோபுரம், குழிந்த கண்ணாடி முகத்தோடு தெற்கே பார்த்து நின்றது. கீழே தெருவில் ஒருவர் நிறுத்திவிட்டுப் போன ஜாகுவார் காரின் பாகங்கள் உருகி நெளிந்துவிட்டன. நிருபர் ஒருவர் அந்த வெளிச்சத்தில் முட்டை பொரித்துக் காட்டினார். கோபுரத்தின் ஆர்க்கிடெக்ட் ரஃபேல் வின்யோலியின் லாஸ் வேகாஸ் ஹோட்டல் ஒன்று, ஏற்கெனவே நீச்சல் குளத்தோரம் படுத்திருந்தவர்களை வறுத்திருந்தது. ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் லண்டனுக்கு வந்தார் போலிருக்கிறது. கார்க்காரருக்கு 946 பவுண்டு கொடுத்துவிட்டு, கோபுரத்தின் முகத்தில் வெயில் மறைப்புத் தகடுகளை மாட்டினார்கள்.

அந்த மறைப்புக்கு மீண்டும் பாரிஸ் போகவேண்டும். 1944 ஆகஸ்டில் சால்வேஷன் ஆர்மி விடுதிக்கு அருகே குண்டு விழுந்து, அத்தனை கண்ணாடியும் நொறுங்கியது. போலீஸ் உத்தரவு பாதி செய்த காரியத்தைக் குண்டு முழுதாக்கியது. போருக்குப் பிறகு செப்பனிட்டபோது, ஜன்னல்களுக்கு வெளியே கான்கிரீட் வெயில் மறைப்புகள் முளைத்தன. கொர்பூசியேவுக்கு அதற்குள் அதன்மேல் காதலே வந்திருந்தது. 1951-ல் சண்டிகர் அவர் கைக்கு வந்ததும் எங்கு பார்த்தாலும் மறைப்பு, நிழல், ஹைகோர்ட்டுக்குக் காற்றோட இடம் விட்டு இரட்டைக் கூரை. பஞ்சாப் வெயிலிடம் 18 டிகிரி சபதத்தைச் சொல்லிப் பார்க்கிற தைரியம் யாருக்கு உண்டு?

மனிதர் முட்டாள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஐடியா சரி, கண்ணாடிதான் இன்னும் பிறக்கவில்லை. ஒற்றைக் கண்ணாடியில், உள்ளே வெளியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 6 வாட் ஓடிப்போகும். இப்போதோ இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஆர்கான் வாயுவை அடைத்து, கண்ணுக்கே தெரியாத வெள்ளிப் பூச்சு ஒன்றைப் பூசி, அதை 1 வாட் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். வெளிச்சம் வரும், வெப்ப அலை திரும்பிப் போகும். மெஷின் காற்றெல்லாம் ஓட்டவேண்டாம், பூச்சு சும்மா இருந்தே வேலை செய்கிறது.

1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வுல்ஃப்காங் ஃபைஸ்ட் என்கிற இயற்பியல்காரர் நாலு வீட்டு வரிசை ஒன்றைக் கட்ட வைத்தார். சுவரில் கால் மீட்டருக்கு மேல் இன்சுலேஷன், மூன்றடுக்குக் கண்ணாடி, காற்றுப் புகாத மூடல், வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் மெஷின். சூடாக்க வருஷத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்கூட ஆகவில்லை. கேட்டால் அப்படியே கொர்பூசியே பேச்சு மாதிரி இல்லை? வித்தியாசம் இரண்டுதான். இந்த வீட்டில் ஜன்னலைத் திறக்கலாம். அதோடு, கட்டவைத்தவர் தானே அதில் குடியேறினார்!

கொர்பூசியேவும் தனக்கென்று ஒன்று கட்டிக்கொண்டார். பாரிஸ் ஃபிளாட்டின் கண்ணாடி வெளிச்சம் தாங்கவில்லை என்று மனைவி இவோன் புலம்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறந்தநாள் பரிசாக, மத்தியதரைக் கடலோரம் ஒரு குடில். ஹோட்டல் மேஜையில் உட்கார்ந்து 45 நிமிஷத்தில் வரைந்ததாகப் பீற்றிக்கொண்டார். 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர். சமையலறை இல்லை, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு நேராக ஒரு கதவு. சுவரெல்லாம் மரம். ஜன்னல்கள், முக்கால் மீட்டருக்கும் குறைவான சதுரங்கள்.

எல்லாம் திறக்கிற ஜன்னல்கள்.