சத்தம் போடாத சிவப்பு

கேள்வி: ஒரே ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. மறுநாள் தெளிந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா? (பாடி வாசகர்)

பதில்: முந்தின நாள் பீட்ரூட் பொரியலா? காசநோய் மாத்திரை ஏதும் போடுகிறீர்களா? இரண்டும் சிறுநீரின் நிறத்தை மாற்றும். இரண்டும் இல்லையென்றால் நிம்மதி வேண்டாம். கல் என்றால் நடுராத்திரி தெருவையே எழுப்பியிருப்பீர்கள். சிறுநீர்ப்பைக் கட்டி ஒருநாள் ரத்தம் காட்டிவிட்டு, மாதக்கணக்கில் வாயே திறக்காது. வலி இல்லாததுதான் சந்தேகத்துக்கே காரணம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றாலும், சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி செய்யச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். தட்டையாகப் படர்ந்த கட்டி ஸ்கேனுக்குத் தப்பும். வீட்டுப் பெண்கள் இதையே சொன்னால் ‘சூடு’ என்று நீர்மோர் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர்களுக்கும் இதே சோதனைதான்.

கேள்வி: சிறுநீர்ப்பை ஸ்கேனில் ‘வளர்ச்சி’ என்று போட்டிருக்கிறது. சாதாரணக் கட்டியா, கேன்சரா? (பட்டாபிராம்)

பதில்: ஸ்கேன் எடுத்தவருக்கே தெரியாது. கர்ப்பப்பையில் கட்டி என்றால் பெரும்பாலும் சாது. சிறுநீர்ப்பையில் கணக்கு தலைகீழ். பாப்பிலோமா, தசைக்கட்டி என்று சாதுக்கள் இங்கேயும் உண்டு, ஆனால் அபூர்வம். உள்தோலில் முளைப்பது பெரும்பாலும் புற்றுதான். அதற்குள் பயந்துவிடாதீர்கள்: கண்டுபிடிக்கும்போது ஏறக்குறைய நான்கில் மூன்று, தசைக்குள் இறங்காதவை. சிறுநீர் வரும் வழியிலேயே கருவியை விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். வயிற்றில் கத்தி படாது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஒரு வரியைத் தேடுங்கள்: எடுத்த துண்டில் தசை இருந்ததா? தசையே இல்லாத துண்டைப் பார்த்து ‘தசைக்குள் போகவில்லை’ என்பது, வீட்டுக்குள் போகாமலே திருடன் இல்லை என்பது மாதிரி.

கேள்வி: அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம். அது கேன்சராக மாறுமாமே? (திருமுல்லைவாயில்)

பதில்: மாறாது. ஆனால் ஒரே வீட்டில் இரண்டும் தனித்தனியாகக் குடியிருக்கலாம். டாக்டர் பார்க்கட்டும்.

கேள்வி: முப்பது வருஷம் டன்லப் பஸ் ஸ்டாப்பில் இறங்கி வேலைக்குப் போனவன். பீடி உண்டு. பீடிக்கு நுரையீரல்தானே? (அம்பத்தூர் எஸ்டேட்)

பதில்: நுரையீரல் வாசல் மட்டும்தான். புகையிலுள்ள அமீன் என்ற ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காக ஊறும். சிறுநீர்ப்பைப் புற்றில் ஏறக்குறைய பாதி, புகையின் கைங்கரியம். வேலையாலும் வரும் என்று முதலில் சொன்னவர் லுட்விக் ரேன்; 1895-இல், ஜெர்மன் சாய ஆலைத் தொழிலாளர்களைப் பார்த்து.

டன்லப் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ரப்பர் கெடாமலிருக்க பிரிட்டனில் ஐ.சி.ஐ. என்ற ரசாயனக் கம்பெனி விற்ற ‘நோனாக்ஸ் எஸ்’ என்ற சரக்கில் பீட்டா நாப்தைலமீன் என்ற அமீன் இருந்தது. 1949-இல் நிறுத்தினார்கள். டன்லப் ஆலையில் அதைக் கையாண்டவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வந்ததோ எத்தனையோ வருஷம் கழித்து. 1972-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐ.சி.ஐ., டன்லப் இரண்டையுமே பொறுப்பாக்கியது. 1960-களில் உங்கள் எஸ்டேட் பிறப்பதற்கு முன்பே அந்தச் சரக்கு ஒழிந்துவிட்டது, ஆகவே பஸ் ஸ்டாப்பின் மேல் பழி போடாதீர்கள். ஆனால் சாயம், ரப்பர், பெயின்ட் என்று எதில், எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்பதை டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், ஓ.பி.யில் உங்களுக்குப் பின்னால் நாற்பது பேர். பீடியை இன்றோடு விடுங்கள்.

கேள்வி: கட்டியை எடுத்த பிறகு டி.பி. தடுப்பூசியைச் சிறுநீர்ப்பையில் ஊற்றப்போகிறார்களாம். ஆள் மாறிவிட்டதா? (பூந்தமல்லி)

பதில்: ஆள் சரிதான். கிண்டியில் 1948-இல் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் திறந்தது காசநோய்க்காக. 1976-இல் கனடாவில் மொராலிஸ் என்ற டாக்டர் அதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பலன் கண்டார். வாரம் ஒருமுறை, ஆறு வாரம்; விட்டதும் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும். தடுப்பூசியிலுள்ள கிருமியை அடிக்க ஓடிவரும் எதிர்ப்புச் சக்தி, புற்றணுவையும் சேர்த்து மொத்தும். தசைக்குள் இறங்கியதற்கு இது போதாது. மூன்று மாதத்தில் மறுபடி சிஸ்டோஸ்கோப்பிக்குக் கூப்பிடுவார்கள். காசு பிடுங்கவல்ல, திரும்பத் திரும்ப முளைப்பது இதன் குணம்.

கேள்வி: ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை குடித்தால் கட்டி கரையும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். (குமணன்சாவடி)

பதில்: கரையாது, முளைக்கலாம். இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990-களில் பெல்ஜியத்தில் இதே இனத்துச் செடி உடம்பு இளைக்கும் மாத்திரையில் கலந்துபோய், பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது; அவர்களில் பலருக்கு அப்புறம் சிறுநீர்க் குழாயில் புற்று. ஆடுகூடத் தின்னாது என்று பேரிலேயே எழுதி வைத்திருக்கிறார்களே, பக்கத்து வீட்டுக்காரர் படிக்கவில்லையா?