கீச்சென்று கத்தியது நானல்ல

எடிசன், நியூ ஜெர்சி
12.11.1994

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டபோது இந்த முனையில் கீச்சென்று கத்தியது நானல்ல. குழந்தையும் அல்ல. "என்னடா ஆச்சு, உடம்புக்கு முடியலையா?" என்று சித்தி மூன்று தடவை கேட்டாளாம். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் ஆங்காரமாகக் கத்தியதாம். அதற்கும் மீட்டர் ஓடிப் பூத்துக்காரர் காசு வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கத்தியது மோடம், கம்ப்யூட்டருக்கும் போன் லைனுக்கும் நடுவே பேசும் பெட்டி. எங்கள் வீட்டு நிலவறையில் ஆறு மோடம்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி போன் லைன். வீட்டு லைன் ஏழாவது. இங்கே சுவருக்குள் வரும் ஒயரில் சிவப்பும் பச்சையும் ஒரு ஜோடி, மஞ்சளும் கறுப்பும் இன்னொரு ஜோடி. சனிக்கிழமை ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஜோடி மாற்றிக் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டேன். முதல் மணிக்கே எடுத்துப் பேசு என்று மோடத்துக்கு நான் சொல்லியிருந்ததால், அது கடமை தவறாமல் சித்தியிடம் பேசியிருக்கிறது.

எதற்கு ஆறு லைன் என்று நீங்கள் கேட்பீர்கள். லைன் இழுக்க வந்த ஆசாமியும் அதைத்தான் கேட்டார். ஒரு வீட்டுக்கு இத்தனை லைன் என்றால் குதிரைப் பந்தயப் புக்கியாக இருக்கும் என்று அவருக்கு அனுமானம். போகும்போது தாழ்ந்த குரலில், "சனிக்கிழமைக்கு எந்தக் குதிரை?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். பழைய 486 கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருக்கிறேன். ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991இல் எழுத ஆரம்பித்தது. யூனிக்ஸ் மாதிரியே நடந்துகொள்ளும், காசு கிடையாது. ஒரே பெட்டியில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். அக்கம்பக்கத்து நம்மவர்கள் போன் போட்டு உள்ளே வந்து கடிதம் எழுதுகிறார்கள், யூஸ்நெட் என்ற பொது விவாத மேடையில் தமிழர் குழுவில் சண்டை போடுகிறார்கள். உள்ளூர்க் காலுக்கு இங்கே மாதச் சந்தாவோடு சரி. அதனால் உள்ளே வந்தவர் லேசில் கிளம்புவதில்லை. ஒரு லைன் இருந்தபோது மற்றவர்களுக்கு எப்போதும் 'எங்கேஜ்டு'. ஒரு மாமி என் மனைவியிடமே நேரில் வந்து புகார் சொன்ன பிறகுதான் ஆறு ஆனது.

ஆறைக் கோப்பது லேசில்லை. சாதாரணக் கம்ப்யூட்டரில் நான்கு சீரியல் போர்ட் வைக்கலாம் என்பார்கள்; ஆனால் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒரே மணிக்கயிறு, இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் ஒன்று. இரண்டு பேரும் இழுத்தால் யார் கூப்பிட்டது என்று அதற்குத் தெரியாது. எட்டு போர்ட் உள்ள தனி அட்டை வாங்கிச் செருகினேன். அதிலும் 16550 என்ற சில்லு இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். பழைய சில்லு ஒரே ஒரு எழுத்தைத்தான் கையில் வைத்திருக்கும். அடுத்தது வருவதற்குள் வாங்கிக்கொள்ளாவிட்டால் போயிற்று. 16550 பதினாறு தாங்கும். மோடம் நொடிக்கு 1,440 எழுத்து தள்ளுகிறது, சித்தப்பா. தந்தி ஆபீஸில் நிமிஷத்துக்கு 25 வார்த்தை என்று நீங்கள் சுமார் பதினொன்றரை நிமிஷம் 'கட்டுக் கட' தட்டினால்தான் அவ்வளவு வரும்.

அட்டை வந்த அன்று ராத்திரி நடந்ததைக் கேளுங்கள். யூனிக்ஸில் ஒவ்வொரு லைனுக்கும் கெட்டி என்று ஒரு வாயிற்காவலன் உண்டு. யாராவது வந்தால் "லாகின்:" என்று பெயர் கேட்பான். மோடத்துக்கோ, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளைக் குணம் உண்டு; அதை நான் அணைக்க மறந்துவிட்டேன். காவலன் "லாகின்:" என்றான். மோடமும் "லாகின்:" என்றது. ஓகோ, வந்தவர் பெயர் லாகின் போலும் என்று அவன் "பாஸ்வேர்டு:" என்று கேட்டான். அதுவும் "பாஸ்வேர்டு:" என்றது. தப்பு என்றான். அதுவும் தப்பு என்றது. காலையில் நான் எழுந்து பார்க்கும்வரை விடிய விடிய இதே வாக்குவாதம். போன் லைனில் ஒரு பிராணி இல்லை. திண்ணையில் நீங்களும் பெரியப்பாவும் நிலத் தகராறு பேசியது ஞாபகம் வந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்னொரு கூத்து. ஒரு நண்பர் மாமனாருக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தபோது லைன் அறுந்தது. மறுமுனையில் ஆள் போய்விட்டார் என்று மோடம் கம்ப்யூட்டருக்குச் சொல்லவேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டிருந்ததால், ஆள் எப்போதும் இருக்கிறார் என்றே அது சாதித்தது. அடுத்துக் கூப்பிட்டவர் நேராக அந்தக் கடிதத்தின் பாதியில் போய் இறங்கினார். நல்ல மனுஷர். மீதியைத் தானே எழுதி, "மாப்பிள்ளையின் பணிவான வணக்கங்கள்" என்று முடித்து அனுப்பிவிட்டார். முதலாமவர் தொடங்கிய தொனி அது அல்லவாம்.

நீங்கள் சிரிப்பதற்கு ஒன்று. யூனிக்ஸ் பிறந்தது 1969இல் பெல் லேப்ஸில், ஒரு டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில். அந்த முர்ரே ஹில் இங்கிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணம்தான். ஒவ்வொரு லைனையும் அது 'டி.டி.ஒய்.' என்றுதான் கூப்பிடும். உங்கள் ஆபீஸில் கடகடத்த டெலிபிரிண்டரின் இன்னொரு பெயர் அது. மோடத்தின் வேகத்தைச் சொல்லும் 'பாட்' கூட போதோ என்ற பிரெஞ்சுத் தந்திக்காரரின் பெயரில் வந்ததே. "தந்தி ஆபீஸ் என்னோடு போகட்டும், நீ இன்ஜினீயருக்குப் படி" என்று என்னைக் கப்பலேற்றாத குறையாக அனுப்பினீர்கள். படித்தேன். இப்போது நிலவறையில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறேன், சம்பளம் இல்லாமல்.

சித்தியிடம் சொல்லுங்கள்: ஒயரைச் சரி செய்துவிட்டேன், பழைய நம்பருக்கே கூப்பிடலாம். மறுபடி கீச்சென்றால் பதில் சொல்லாமல் உடனே வைத்துவிடட்டும்.

ஒரு உதவி. ஆறு போன் ஒயர், ஆறு சீரியல் கேபிள், ஆறு அடாப்டர் எல்லாம் மேஜைக்கு அடியில் இடியாப்பமாகக் கிடக்கின்றன. உங்கள் ஆபீஸில் மெழுகு நூலால் ஒயர்களைச் சேர்த்து வரிசையாக முடிச்சுப் போட்டிருப்பீர்களே, அதை ஒரு காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள். எந்தக் கை மேலே வரவேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்
கண்ணன்