புல்லுக்கு முடிவெட்டுவது எப்படி?

பிரஷ் கட்டர் ஓட்டுவதற்கு முதலில் வேண்டியது மிஷின் அல்ல, நிலம். அதுவும் நீங்கள் குடியிருக்காத நிலமாகப் பார்த்து வாங்க வேண்டும். தினமும் கண்ணில் படுகிற நிலத்தில் புல் முழங்காலைத் தொடுவதற்குள் யாராவது ஒரு மாட்டைக் கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். அங்கே இந்தக் கலை வளராது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், திருக்கழுக்குன்றத்துக்கு முன்னும் பின்னும், இதற்குத் தோதான நிலங்கள் நிறைய இருக்கின்றன. வாசலில் வளைவு கட்டி, ‘நகர்’ என்று முடிகிற பெயர் எழுதி, கல் நட்டுப் பெயின்ட் அடித்து, மனையில் நின்றால் மலைக்கோயில் தெரியும் என்று சொல்லி விற்ற இடங்கள். சொன்னது பொய்யில்லை. வேதகிரீஸ்வரர் மலை ஏறக்குறைய 500 அடி உயரம். சுற்றுவட்டாரத்தில் எங்கே நின்றாலும் தெரியும். மனைதான் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் முடிந்து தை மாதம் காரை நிறுத்திவிட்டுப் பார்த்தால், இடுப்பளவு பச்சையில் எது உங்களுடையது, எது பக்கத்து மனைக்காரருடையது என்று எல்லைக்கல்லே சொல்ல வேண்டும். அந்தக் கல்லைத்தான் காணோம்.

இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த ஊரில் உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. மலையில் ஒருகல் மண்டபம் என்று பல்லவர் காலக் குடைவரை ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வந்தார்கள், பெயரை எழுதினார்கள், போய்விட்டார்கள். எல்லைக்கல்லில் போன் நம்பரை எழுதிவிட்டு அடுத்த வருடம் வருகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான மூதாதையர் கிடைக்கமாட்டார்கள்.

சரி, மிஷினுக்கு வருவோம். கடையில் நுழைந்ததும், “இருக்கறதுலயே பெரிய சிசி எது?” என்று கேளுங்கள். அரை கிரவுண்டு மனைக்கு 35 சிசி தாராளம் என்று கடைக்காரர் மெதுவாகச் சொல்வார், காதில் வாங்காதீர்கள். தோளில் பட்டையோடு பக்கவாட்டில் தொங்குகிற சைடு பேக் வேண்டுமா, முதுகில் இன்ஜினைச் சுமக்கிற பேக் பேக் வேண்டுமா என்பார். சமநிலத்துக்குச் சைடு பேக் வசதி, வரப்பும் சரிவுமாக இருந்தால் பேக் பேக். போட்டோவில் எது எடுப்பாக இருக்கும் என்று பார்த்து முடிவு செய்வதுதான் நடைமுறை. கண்ணாடி, காதடைப்பான், முழங்கால்வரை பூட்ஸ் ஆகியவற்றுக்குத் தனிக் காசு என்றதும் “அதெல்லாம் வீட்ல இருக்கு” என்று சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருப்பது கூலிங் கிளாஸ்.

இந்தக் கருவியின் ஆதி கதையைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் தெம்பு வரும். 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், ஒரு பாப்கார்ன் டப்பாவில் ஓட்டை போட்டு மீன்பிடி நைலான் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டார். புல் அறுந்தது. அவர் விவசாயி இல்லை, நடனப் பள்ளி நடத்தியவர். ஆகவே இந்த மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர்கள் சிரித்தால் பொருட்படுத்தாதீர்கள்.

டூ ஸ்ட்ரோக் மிஷின் என்றால் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க வேண்டும். சில கம்பெனிகள் 25க்கு 1 என்கும், சில 50க்கு 1 என்கும். அதாவது ஒரு லிட்டருக்கு 40 மில்லி அல்லது 20 மில்லி. எது உங்கள் மிஷினுக்கு என்பது கையேட்டில் இருக்கும். கையேடு அட்டைப்பெட்டியில் இருக்கும். அட்டைப்பெட்டி பழைய பேப்பர்காரரிடம் இருக்கும். ஆகவே கண்ணளவாக ஊற்றுவது என்று ஒரு மரபு உருவாகியிருக்கிறது. ஆயில் கூடினால் புகை வரும், ஸ்பார்க் பிளக் கறுத்து அடைக்கும். அடியோடு மறந்து வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு களை எடுக்கிற கவலையே கிடையாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலக்கிற வேலை இல்லை, ஆயில் தனியாக. அதிலும் கலந்து ஊற்றுகிற அன்பர்கள் உண்டு.

பிளேடு மாட்டுவதைப் பற்றி மட்டும் விளையாட்டில்லாமல் சொல்லியாக வேண்டும். அடியில் இருக்கிற நட்டுக்கு இடமரை. நாம் பிறந்ததிலிருந்து கழற்றுவதற்கு இடப்பக்கம், முடுக்குவதற்கு வலப்பக்கம் என்று பழகியவர்கள், இது நேர்மாறு. கியர் பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் கம்பியைச் செருகினால் தண்டு சுற்றாமல் நிற்கும். பிறகு ஸ்பேனரை வலப்பக்கம் திருகினால் நட்டு இளகும். இது தெரியாத மனைக்காரர் இடப்பக்கமே முக்கி முக்கித் திருகி, கழற்றுவதாக நினைத்து நன்றாக முடுக்கிவிட்டு, மிஷின் மட்டம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

எந்தப் பிளேடு? இளசான புல்லுக்கும், மரத்தடி, மதில் ஓரத்துக்கும் நைலான் ஹெட். தடித்த புல்லுக்கும் சிறு புதருக்கும் மூணு பல் பிளேடு. கட்டைவிரல் பருமனுள்ள குச்சிச் செடிகளுக்கு 80 பல் வட்டப் பிளேடு. ஆனால் மாற்றுவதற்குத்தான் அந்த நட்டைக் கழற்ற வேண்டுமே. அதனால் எது மாட்டியிருக்கிறதோ அதிலேயே அருகம்புல் முதல் கருவேலம் வரை எல்லாவற்றையும் வெட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். கருங்கல் ஜல்லியும் அதில் சேர்த்தி. கல்லை வெட்ட மாமல்லபுரத்தில் பரம்பரையாக ஆள் இருக்கிறார்கள். அவர்கள் கல் சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. உங்கள் பிளேடுக்கு அந்தப் போட்டி வேண்டாம். ஸ்டார்ட் செய்யுமுன் மனையை ஒரு சுற்று நடந்து கல், கம்பி, பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட்டால் போதும். ஆனால் இடுப்பளவு புல்லுக்குள் யார் கால் வைப்பது? பாம்பு இருக்குமே!

இருக்கும். அதைப் பற்றிப் பிறகு.

இனி வெட்டுவது. பிளேடு, நிற்பவருக்கு இடப்பக்கமாகச் சுழலும். ஆகவே வலமிருந்து இடமாக வீசி, அதே வீச்சில் அடியெடுத்து நடக்க வேண்டும். வெட்டுண்ட புல் இடப்பக்கம் வரிசையாக விழும். பிளேடைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால் 12க்கும் 3க்கும் இடைப்பட்ட பகுதி தடித்த தண்டில் படக்கூடாது. பட்டால் மிஷின் திருப்பி உதைக்கும். வெட்டும்போது சுற்றிலும் 15 மீட்டர் தூரத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. சிறு கல் ஒன்று தெறித்தால் காரின் கண்ணாடிவரை போகும், கண்வரையும் போகும். நம் பக்கத்தில் இதை அனுசரிக்கிற முறை தனி. மனைவி குடை பிடித்துக்கொண்டு ஐந்தடியில் நிற்பார், மைத்துனர் வீடியோ எடுப்பார், பிள்ளைகள் தெறிக்கிற பச்சைத் துணுக்குகளைப் பிடிக்க ஓடுவார்கள். வெட்டுகிறவர் லுங்கி, ரப்பர் செருப்பு.

உச்சி வெயிலில் வெட்டாதீர்கள். ஒரு காலத்தில் இந்த ஊரில் உச்சிப்பொழுதுக்கு ஒரு மரியாதை இருந்தது. இரண்டு கழுகுகள் மலைக்கு வந்து, பண்டாரம் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். அதைப் பார்க்கக் கூட்டம் காத்திருக்கும். அவை வருவது நின்று இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இப்போது மதியம் 12 மணிக்குத் தவறாமல் வந்து நிற்பது சென்னையில் காலை டிபனை முடித்துக்கொண்டு புறப்பட்ட மனைக்காரர்தான்.

எதை வெட்டுகிறோம் என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் சுவாரசியம் போய்விடும் என்பதும் ஒரு காரணம். கோரையை வெட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே பச்சை போய்விடும். கீழே விரல்நுனி அளவில் கறுப்புக் கிழங்குகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. வாரம் திரும்புமுன் அத்தனையும் முளைவிடும். நீங்கள் செய்தது களையெடுப்பு அல்ல, முடிவெட்டு. அருகும் அப்படித்தான். பார்த்தீனியத்தைப் பூத்தபிறகு மிஷினால் அடித்தால் மகரந்தம் மூக்கிலும் விதை மனை முழுக்கவும் போகும். தும்மலும் அரிப்பும் இலவசம். அதைப் பூக்கும் முன்னால், மழை ஈரத்தில், கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். நாயுருவி உங்கள் லுங்கியில் ஒட்டிக்கொண்டு சென்னைவரை வரும். காஞ்சொறி பட்டால் வீடியோ எடுக்கிற மைத்துனர்கூட ஆடுவார். வெட்டுக்காயத்துக்கு வைக்கிற வெட்டுக்காயப் பூண்டும் இதே மனையில்தான் முளைக்கிறது. காயம் படுவதற்குள் அதையும் வெட்டித் தள்ளியிருப்பீர்கள்.

இவற்றுக்கெல்லாம் மேல் சீமைக் கருவேலம். பிரஷ் கட்டர் இதற்குச் செய்கிற உபகாரத்தை வேறெதுவும் செய்ய முடியாது. ஒற்றைத் தண்டாக நின்ற கன்றை 80 பல் பிளேடால் அழகாக அறுப்பீர்கள். அடுத்த மழைக்கு அதே அடிக்கட்டையிலிருந்து ஏழெட்டுக் கிளை வரும். மறுபடி அறுத்தால் மறுபடி. வழக்கும், உயர் நீதிமன்ற உத்தரவும், 2022இல் வந்த அரசின் அந்நியத் தாவரக் கொள்கையும் எல்லாம் இந்த மரத்தைச் சுற்றித்தான். வேரோடு எடுக்காதவரை அது போகாது என்பது ஊரில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். ஆட்டை விட்டால் போதாதா என்று கேட்பீர்கள். புல்லுக்குப் போதும், கிடை போட்டால் எருவும் மிச்சம். ஆனால் ஆடு கருவேலங்காயைத் தின்று, விதையைப் பக்குவம் செய்து, புழுக்கையோடு சேர்த்து உங்கள் மனையில் நட்டுவிட்டுப் போகும். காய் இல்லாத பருவம் பார்த்து விட வேண்டும்.

எல்லாம் களையும் இல்லை. யாரோ கடித்துப் போட்ட பனங்கொட்டை முளைத்து ஒற்றை ஓலையோடு நிற்கும். பார்வைக்கு அகலமான புல். மிஷினுக்கும் அப்படித்தான் தெரியும். மாநில மரம், வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்த மரம், உங்கள் கையில் ஒரு நொடியில் போய்விடும். வடலியின் அருகே ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவதற்கு எந்த சிசியும் தேவையில்லை. பங்குனி, சித்திரையில் வெறுந்தரையில் சரளைக்கல்லோடு கல்லாக ஆட்காட்டி முட்டையிட்டிருக்கும். தாய்க்குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். இன்ஜின் சத்தத்தில் உங்களுக்கு அது கேட்காது.

பாம்பு என்று சொன்னேன் அல்லவா. பெரும்பாலோர் மனையின் நான்கு ஓரத்திலிருந்தும் வட்டமாக வெட்டிக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். உள்ளே இருக்கிற எலி, ஓணான், பாம்பு எல்லாம் சுருங்கிச் சுருங்கி நடுவில் மிச்சமிருக்கிற பாய் அகலப் புல்லில் வந்து சேரும். கடைசி வீச்சுக்கு நீங்களும் அங்கேதான் போவீர்கள். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, வயலோ ஏரிக்கரையோ இருக்கிற மறுபக்கம் திறந்திருக்கும்படி வெட்டிக்கொண்டே போனால் அதிர்வு கேட்டு அவை தானாக நகர்ந்துவிடும். இந்த வட்டாரத்தில் பாம்பு விவரம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்கிலும் விஷம் எடுத்து மருந்துக்கு அனுப்புகிறார்கள், எடுத்தபின் பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்த மாவட்டத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள். 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். புதருக்குள் போகும்போது அவர்கள் கையில் இருப்பது ஓர் இரும்புக் கோல். கண் மட்டும் தரையில் இருக்கும்.

வெட்டிய புல்லைக் கொளுத்தாதீர்கள். மாசி, பங்குனிக் காற்றில் பொறி பக்கத்துச் சவுக்குத் தோப்புக்குப் போனால் மனையை விற்றாலும் அடைக்க முடியாது. ஏரிக்கு வரும் கால்வாயில் தள்ளுவதும் வழக்கமாகிவிட்டது. அடுத்த மழையில் தண்ணீர் வழி தெரியாமல் மனைக்குள் வந்து நின்றதும் பஞ்சாயத்தைத் திட்டலாம் என்பது அதிலுள்ள வசதி. வேண்டாம். விதை பிடிக்காத புல் என்றால் மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள். அறுந்து கிடக்கிற நைலான் துண்டுகளை மட்டும் பொறுக்கிவிடுங்கள், மாடு மேய்கிற இடம்.

உள்ளூரில் சொந்த மிஷின் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கூலிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் மனையைப் பார்த்துவிட்டு, “சார், இத வெட்டி பிரயோஜனம் இல்ல, பூ வைக்கறதுக்கு முன்னால கூப்புட்டிருக்கணும்” என்பார்கள். நல்லதாகப் போயிற்று என்று அவர்களிடமே மார்கழியில் ஒரு முறை, ஆடி, ஆவணி மழைக்குப் பின் ஒரு முறை என்று பேசிவிடுவதுதான் உத்தமம். மிஷின் வாங்குகிற காசில் பல வருடக் கூலி அடங்கும்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், ஊருக்குக் கிளம்புமுன் டேங்கில் மிச்சமுள்ள பெட்ரோலைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். ஏர் ஃபில்டரைத் தட்டிக் கழுவுங்கள். கியர் பெட்டிக்குக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். அடுத்த முறை வரும்போது டிக்கியில் ஒரு மண்வெட்டியும் கடப்பாரையும் இருக்கட்டும். கருவேலக் கன்றை மழை ஈரம் காய்வதற்குள் வேரோடு எடுக்க அவை இரண்டும் போதும். அவற்றுக்கு 2டி ஆயில் வேண்டாம்.