மீட்டரை ஓரமாக வையுங்கள், பாலிசியைக் கேளுங்கள்

கேள்வி: ஆறு வருஷப் பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். 'ஏழு லட்சத்துக்கு வாங்கினேன், அதில் கழித்துக்கொண்டு கொடுங்கள்' என்கிறார் ஓனர். நியாயமா? – வாசகர், அணைக்கட்டு

பதில்: இல்லை. அவர் கொடுத்தது அன்றைய விலை. அதே வண்டி இன்று ஷோரூமில் என்ன விலை என்று கேட்டு, அங்கிருந்து கழியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கியாக வேண்டும்.

கேள்வி: வருஷத்துக்கு எவ்வளவு கழிப்பது? – வாசகர், ஒடுகத்தூர்

பதில்: இன்ஷூரன்ஸ்காரர்களின் கணக்கு கைகொடுக்கும். இரண்டாம் வருஷம் 20 சதவீதம், மூன்றாம் வருஷம் 30, நான்காம் வருஷம் 40, ஐந்தாம் வருஷம் 50. அதற்கு மேல் பேசி முடிவு செய்வதுதான். இதைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேரத்தைத் தொடங்க ஒரு புள்ளி, அவ்வளவே.

கேள்வி: ஆறு வருஷத்தில் 28 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறதாம். நம்பலாமா? – வாசகர், பள்ளிகொண்டா

பதில்: பொய்கைச் சந்தையில் விற்பவர் சொல்லும் வயதைக் கேட்டா மாடு பிடிக்கிறோம்? பல்லைப் பார்க்கிறோம். காருக்கும் பல் உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2323 என்றால் 2023ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. 28 ஆயிரமே ஓடிய வண்டிக்கு அதற்குள் ஏன் புது டயர்? பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரில் கை வைத்திருக்க வாய்ப்பு அதிகம். சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரைக் குறித்து வைத்திருப்பார்கள்; ஓனரையே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

நான் முதலில் கேட்பது பழைய பாலிசியை. க்ளெய்ம் செய்யாதவருக்கு நோ க்ளெய்ம் போனஸ் 20, 25, 35, 45 என ஏறி ஐந்து வருஷத்தில் 50 சதவீதத்தைத் தொடும். ஆறு வருஷ வண்டியில் அது பூஜ்யமாக இருந்தால், க்ளெய்ம் வாங்கியிருக்கலாம் அல்லது பாலிசியை விட்டிருக்கலாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விலை பேசாதீர்கள். 50 இருந்தாலும், கைக்காசில் பட்டறையில் தட்டிய அடி அதில் தெரியாது. அதற்குப் பானெட் போல்ட்டில் ஸ்பானர் தழும்பைத் தேடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னை 2015-லும் 2023-லும் மூழ்கியது. அந்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

கேள்வி: பொத்திப் பொத்தி ஓட்டிய காரை விற்கிறேன். ஆளாளுக்கு அடிமாட்டு விலை கேட்கிறார்களே? – வாசகி, ஷூ கம்பெனி ஊழியர், ஆம்பூர்

பதில்: உங்களுக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது, அந்தப் பயத்தைத்தான் விலையில் கழிக்கிறார். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்தே இதை விளக்கி எழுதினார். 2001-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சர்வீஸ் பில்களை எடுத்து மேஜையில் வையுங்கள் அம்மா. வாங்குபவர் அழைத்து வரும் மெக்கானிக்கைத் தடுக்காதீர்கள்.

கேள்வி: பெயர் மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் புரோக்கர்... – வாசகர், அணைக்கட்டு

பதில்: கூடவே கூடாது. பல கை மாறிய ஒரு வண்டி விபத்தில் சிக்கியபோது, ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஓனர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டிமேல் கடன் இருந்தால் படிவம் 35-உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகாமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.