பால்கனித் தேன்சிட்டும் புறாவலையும்: புனே நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

கோத்ரூட், பாணேர் வட்டாரத்து அடுக்ககங்களில் ஹம்மிங்பேர்டைக் கண்டதாக வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது அறிவிக்கப்படுகிறது. ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் இல்லை. அன்பர்கள் கண்டது, மராத்தியர் ஷிஞ்சீர் என்னும் தேன்சிட்டு; நீளம் சுமார் 10 செ.மீ. அந்தி மயங்கும் நேரத்தில் கண்டிருந்தால் அந்துப்பூச்சியாகவும் இருக்கலாம்.

அற்றேல், அமெரிக்கரைப் போலச் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிட்டால் வாராதோ எனின், வரும். அதற்கு முன்பே எறும்பு வந்துவிடும். பூத்தொட்டியே உத்தமம். ஹமேலியா நல்லது. அமெரிக்காவில் ஹம்மிங்பேர்டு தேடிப்போகும் செடி அது. விருந்தாளி வராவிட்டாலும் சாப்பாடு மட்டும் கடல் கடந்து வந்திருக்கிறது. செம்பருத்தியும் ஆகும், ஆனால் தேன்சிட்டு சில வேளை வாசல் வழி நுழையாமல் பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடும். பூவின் முகத்தையே கேமராவால் குறிவைத்திருப்பவருக்குப் பூதான் கிடைக்கும்.

இனி ஆய்வின் மையம். புறாவுக்கு அஞ்சிப் புனேயின் பால்கனிகள் நைலான் வலை பூண்டுள்ளன. பறவை, பூ, வலை என்னும் மூன்றில் ஆட்டோஃபோகஸ் எதைத் தேரும்? வலையை. ஒரு முடிச்சும் அதில் சிக்கிய புறாச் சிறகும் இழை இழையாகத் தெளிந்திருக்க, அப்பால் தேன்சிட்டு ஒரு மங்கல். இந்நகரத்து மெமரி கார்டுகளில் தேன்சிட்டைவிட வலையே மிகுதி என்பது எம் துணிபு.

தீர்வு உண்டு. லென்ஸை வலையோடு ஒட்டிவைத்து அபெர்ச்சரை முழுதாகத் திறந்தால் வலை கரைந்துவிடும். பிறகு மேனுவல் ஃபோகஸில், தேன்சிட்டு வழக்கமாக உட்காரும் காம்பைக் குறித்துவைத்துக் காத்திருக்கலாம். ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்று குடிப்பது. நம்முடையது பெரும்பாலும் உட்கார்ந்து குடிக்கும் மரியாதை தெரிந்தது. ஆனாலும் ஷட்டர் 1/1000 நொடிக்கு மந்தமாகலாகாது.

ஆண் தேன்சிட்டின் ஊதா மினுக்கம் இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டு எழுவது. கோணம் தப்பினால் படத்தில் கரிக்கட்டைதான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதாத் தேன்சிட்டு அந்த அங்கியையும் களைந்து, மஞ்சள் மார்பில் ஒரு கருங்கோட்டோடு திரியும். அதைப் புது இனமென்று அறிவிக்க விழைவோர்க்கு: பறவையியலர் லேதம் 1790இலேயே பெயரிட்டுவிட்டார்.

துணிக்கொடியிலோ ஒயரிலோ சிலந்திநூலால் பின்னிய கூடு தொங்கினால், கேமராவை உள்ளே வையுங்கள். குஞ்சுகள் பறக்கும்வரை துணியை வேறு கொடியில் உலர்த்துங்கள்.