உள்ளே கை போகுமா?

கும்பகோணத்திலிருந்து எழும்பூருக்கு ஓர் இரவுப் பயணம். அதற்கு எங்கள் வீட்டில் முதலில் தயாராவது பெட்டி அல்ல, கூஜா. திருகு மூடி, மேலே வளையக் கைப்பிடி, வயிற்றில் தாத்தாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். விழுப்புரத்தில் அதை நிரப்ப அப்பா இறங்குவார். ரயில் நகரத் தொடங்கும்போதுதான் குழாயடியில் அவருடைய முறை வரும். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். அப்பா கூஜாவைக் கட்டிக்கொண்டு ஓடி வருவார். ஏறிய பிறகு மூடியில் ஊற்றி எல்லோருக்கும் ஒரு வாய்.

என் மகள் வேளச்சேரியிலிருந்து தரமணிக்குப் போகிறாள். அவளுடைய பாட்டில் ஐஸை இருபத்து நான்கு மணி நேரம் உருகாமல் வைத்திருக்குமாம். போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். அவள் அலுவலகத்தில் மாடிக்கு மாடி குடிநீர் இயந்திரம் வேறு இருக்கிறது.

ஐஸை உருகாமல் காக்கும் அந்த இரட்டைச் சுவர் வித்தை புதிதொன்றும் இல்லை. 1892இல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி, வாயுக்களைக் குளிர்வித்துத் திரவமாக்கும் ஆராய்ச்சிக்காகக் கண்ணாடியில் செய்தது. இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றை உறிஞ்சிவிட்டால் சூடு எளிதில் கடக்க வழியில்லை. அவர் திரவ வாயுவை அடைத்து வைத்த ஏற்பாட்டில் நாம் இன்று ஜீரகத் தண்ணீரை அடைத்து வைக்கிறோம்.

பாட்டிக்கு விஞ்ஞானம் ஒரே வரி: "பித்தளையில புளிப்பு படக்கூடாது." பட்டால் களிம்பு ஏறும், குமட்டும், வயிற்றைப் புரட்டும். அதற்காகத்தான் ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு தெருவுக்கு வருவார். மண்ணில் குழி தோண்டிக் கரி மூட்டி, பாத்திரத்தைக் காய வைத்து, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார். குப்பென்று வெள்ளைப் புகை. மஞ்சளாக இருந்த உட்புறம் கண்ணெதிரே வெள்ளியாகிவிடும். பள்ளிக்கூடத்து வேதியியல் வகுப்பில் இதில் பாதி சுவாரஸ்யம்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது செம்பு பாட்டிலாகத் திரும்பி வந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் அதுதான். எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், காலையில் அதை ஏந்திக்கொண்டுதான் நடக்கிறார்.

"உள்ள என்ன சார்?"

"எலுமிச்சம்பழமும் தேனும். ராத்திரியே பிழிஞ்சு வெச்சிடுவேன். செம்பு உடம்புக்கு நல்லது சார், நம்ம முன்னோர் சொன்னது."

முன்னோர் சொன்னதில் பாதிதான் அவருக்குக் காதில் விழுந்திருக்கிறது. செம்பில் வெறும் தண்ணீரை வைப்பதில் விஷயம் உண்டு. பெங்களூரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், செம்புக் குடத்தில் பதினாறு மணி நேரம் வைத்த தண்ணீரில் பேதிக் கிருமிகள் செத்துப்போயின. கரைந்த செம்பும் அளவு மீறவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஆனால் எலுமிச்சையோ மோரோ உள்ளே போனால் அமிலம் செம்பை அரித்துக் கரைக்க ஆரம்பித்துவிடும். அவரிடம் பாட்டி சொன்னதைச் சொன்னேன். நம்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சொன்னேன். உடனே நம்பினார்.

ஸ்டீலுக்கு இந்தத் தொல்லை இல்லை. பாட்டிலின் அடியில் 304 என்றோ 18/8 என்றோ பொறித்திருந்தால், இரும்போடு சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று அர்த்தம். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. துருப்பிடிக்காததற்கு அதுதான் காரணம். ஸ்டீலுக்கும் ஆகாதது உண்டு: பிளீச்சிங் பவுடரும் உப்பும். பளிச்சென்று ஆகட்டும் என்று பிளீச்சில் ஊற வைத்தால் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழும். அடியில் வெள்ளையாகப் படிவது துரு அல்ல, சென்னை போர்வெல்லின் சுண்ணாம்பு. கொஞ்சம் வினிகரை ஊற்றி ஊற விட்டு, நன்றாக அலசினால் போய்விடும். ஈயம் பூசினவருக்கு ஆண்டு முழுக்கத் தெருவில் வேலை இருந்தது. வினிகர் பாட்டில் அலமாரியில் சும்மா இருக்கிறது.

நான் கவலைப்படுவது உலோகத்தைப் பற்றி அல்ல, வாயைப் பற்றி. அன்று யாரும் சொம்பில் வாய் வைத்ததில்லை, அண்ணாந்துதான் குடித்தோம். அதைச் சுகாதாரம் என்று மட்டும் சொல்லிப் பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை. சிலருக்குச் சொம்பையே கொடுக்காமல், குவித்த கையில் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றிய தெருக்கள்தான் அவை. ஆனால் பாத்திரத்துக்குள் நம் எச்சில் போகவில்லை என்பதும் நிஜம். இப்போது உறிஞ்சுகுழாய் வைத்த மூடி. அதை நாள் முழுக்கச் சப்பிவிட்டு, "தண்ணிதானே, என்ன அழுக்கு?" என்று மறுநாள் அப்படியே நிரப்புகிறோம். பாட்டிலுக்கு உறை போட்டு, கீறல் விழாமல் அடியில் ரப்பர் காலணியும் மாட்டுகிற மகள், மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்ற முடியும் என்பதை அறியாதிருந்தாள். கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தேன். அடியில் கறுப்பாக, வழவழவென்று ஒரு தோட்டமே இருந்தது. வளையத்தைத் தனியாகச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பாட்டிலை மூடாமல் கவிழ்த்து உலர வைத்தால் அந்த வழவழப்பு வராது. பாட்டி எல்லாவற்றையும் கழுவித் திண்ணையில் கவிழ்த்தது இதே காரியம்தான், வெயில் இலவசம்.

கூஜா வெடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதன் மூடி அவ்வளவு இறுக்கமாக மூடியதே இல்லை. பாதித் தண்ணீர் அப்பாவின் வேட்டியில்தான். இன்றைய மூடி ஒரு சொட்டுக் கசியாது, காற்றும் கசியாது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் சுமார் எட்டரை லட்சம் ஸ்டீல் பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். பழச்சாறோ பாலோ சோடாவோ உள்ளே நீண்ட நேரம் இருந்தால், திறக்கும்போது மூடி பறந்தது. இருவருக்குப் பார்வையே போய்விட்டது. தண்ணீர் பாட்டிலில் தண்ணீரை ஊற்றலாம் என்பதை இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுப்பில் வைக்காதே, ஃப்ரீசரில் வைக்காதே என்பதும் அந்த வகை. ஒன்றில் சுவர் வெடிக்கும், மற்றதில் அடி உப்பி வெற்றிடம் போய்விடும். போய்விட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். வெந்நீர் ஊற்றி வெளியே தொடும்போது சுட்டால், போய்விட்டது.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் அவளுக்கு ஒரு பாட்டில் வாங்கப் பாத்திரக் கடைக்குப் போனோம். கடைப் பையன் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காட்டினான், 304ஐக் காட்டினான், பன்னிரண்டு மணி நேரம் சூடு நிற்கும் என்றான். அம்மா மூடியைத் திருகி எடுத்துவிட்டு, வளையல் போட்ட கையை வாய்க்குள் நுழைக்கப் பார்த்தாள். நான்கு விரலோடு நின்றுவிட்டது.

"கை போகலையேப்பா. எப்படிக் கழுவறது?"

"அதுக்குத் தனியா பிரஷ் இருக்கு பாட்டி. நூத்தம்பது ரூபா." நீளக் காம்பு வைத்த பிரஷ் ஒன்றை எடுத்து உள்ளே விட்டுச் சுழற்றியும் காட்டினான்.

அம்மா அந்தப் பிரஷ்ஷை வாங்கி, அதன் மயிர்களை விரலால் விலக்கிப் பார்த்தாள்.

"சரி, இதை எதை வெச்சுக் கழுவறது?"