கறிவேப்பிலைக் கொசுறின் சமூகவியல்: பழங்காநத்தம் உழவர் சந்தையை முன்வைத்து

சந்தையியல் பேராசிரியர்கள் கறிவேப்பிலையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஜெரோம் மெக்கார்த்தி 1960இல் பொருள், விலை, இடம், விளம்பரம் என்று நான்கைச் சொல்லிவிட்டுப் போனார். உலகம் முழுக்க மேலாண்மை மாணவர்கள் இன்றும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த நான்கிலும் கொசுறுக்கு இடமில்லை. விலை கிடையாது, ஆகவே விலையில் வராது. கேட்டால்தான் கிடைக்கும், ஆகவே விளம்பரத்திலும் வராது. இப்பெருங்குறையைப் போக்கும் பொருட்டு, பண்புசார் ஆய்வாளனாகிய நான் மதுரை பழங்காநத்தம் உழவர் சந்தையில் மேற்கொண்ட களஆய்வின் சாரம் இது.

களத்தேர்வுக்குக் காரணம் உண்டு. உழவர் சந்தைத் திட்டம் பிறந்த ஊரே மதுரைதான். 1999 நவம்பர் 14 அன்று அண்ணா நகரில் முதல் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் கூடாது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிதான் விற்கலாம். அன்றன்றைய விலையை அதிகாரிகள் நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். மொத்த விலைக்குச் சற்று மேலே, வெளிக்கடை விலைக்குச் சற்றுக் கீழே. கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிப் பயனில்லை. அப்படியிருந்தும் நாலு கடை தள்ளி அதே கத்தரிக்காய் அதே விலைக்குக் கிடக்க, ஒருவர் தினமும் ஒரே அக்காவிடம் போய் நிற்பது ஏன்? பலகையில் ஏறாத ஒரே சரக்கு கொசுறு என்பது என் கருதுகோள்.

முறையியலைப் பொறுத்தவரை, பங்கேற்று உற்றுநோக்கல். முதல் உலகப்போர்க் காலத்தில் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி ட்ரோப்ரியாண்ட் தீவில் கூடாரம் போட்டுத் தங்கினார். நான் மஞ்சப்பையோடு நின்றேன். சும்மா நிற்பவனுக்குத் தரவு கிடைக்காது என்பது சீக்கிரமே தெளிவாயிற்று. "என்ன தம்பி, வாங்கவும் மாட்டேங்குற, நகரவும் மாட்டேங்குற?" என்ற கேள்விக்கு எந்த முறையியல் நூலிலும் பதில் இல்லை. ஆகவே ஆய்வு நிதி பெரும்பாலும் முருங்கைக்காயாகவும் கீரையாகவும் வீடு வந்து சேர்ந்தது. புதிதாக எதுவும் தெரியவராத நிலை வரும்வரை தரவு திரட்ட வேண்டும் என்று கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் விதித்தார்கள். எனக்கு ஃப்ரிட்ஜில் இடமில்லாத நிலை முதலில் வந்தது. வீட்டிலிருக்கும் நெறிமுறைக் குழு அதையே நிறைவுநிலை என்று அறிவித்து, ஆய்வை முடிக்கச் சொல்லிவிட்டது.

அளந்து பார்க்கும் ஆசையும் எனக்கு இருந்தது. சேவையின் தரத்தை அளக்க, பரசுராமன், ஸைதாமல், பெர்ரி மூவரும் 1988இல் சர்வ்குவால் என்றொரு வினாப்பட்டியல் தந்திருக்கிறார்கள். 22 கூற்றுகள், அவற்றுள் சில வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் தனிக்கவனத்தைப் பற்றியவை. அதைத் தமிழாக்கி ஒரு பெரியவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் கடைக்கார அக்கா குறுக்கிட்டார்: "அவர்ட்ட என்னத்தக் கேக்குற, எங்கிட்டக் கேளு. போன மாசம் அவுக மகளுக்குப் பிள்ள பெறந்துச்சு. பெத்தவளுக்குன்னு முருங்கக்கீரைய ரெண்டு கை கூடவே வச்சேன்." இந்தப் பதிலை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்து, ஃப்ரெட் ரெய்க்ஹெல்ட் 2003இல் புகழ் பெறச் செய்த ஒற்றைக் கேள்வி: இந்தக் கடையை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் தருக. பெரியவர் யோசிக்கவே இல்லை. "பூஜ்யம் போட்டுக்க. சொன்னா அவனும் இங்கிட்டு வந்து நிப்பான். அப்புறம் எனக்கு எங்க கருவேப்பில கெடைக்கும்?" ரெய்க்ஹெல்டின் கணக்குப்படி இவர் கடையைத் தூற்றுகிறவர். நான் பார்த்தவரை, மழையானாலும் கடை மாறாதவர் இவர் ஒருவர்தான்.

இனி முக்கியக் கண்டுபிடிப்புகள். கொசுறு கேட்பதற்கு நேரம் உண்டு: எடை போட்ட பிறகு, மீதிச் சில்லறை கைக்கு வருவதற்கு முன். எடைக்கு முன்னால் கேட்பவரைச் சந்தை அற்பமாகப் பார்க்கிறது. சில்லறையை வாங்கிக்கொண்டு கேட்பவரைப் பார்ப்பதே இல்லை. ஆண்களுக்கு வாடிய இணுக்கே விழுகிறது. "ஆம்பளைக்கு என்ன தெரியப்போகுது" என்பது இதற்குத் தரப்பட்ட விளக்கம். மறுக்க என்னிடம் சான்று இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது கொசுறு நின்றதா என்று கேட்டேன். நிற்கவில்லையாம், புதுமுகங்களுக்கு மட்டும் நின்றதாம்.

எந்தக் கொடையும் சும்மா வருவதில்லை என்று மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். பழங்காநத்தத்தில் அது சரிதான். அக்கா டீ குடிக்கப் போகும்போது கல்லாவைப் பார்த்துக்கொள்வது மேற்படிப் பெரியவர். இரண்டு ரூபாய் சில்லறை இல்லையென்றால் அவர் கணக்குப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் பெருநிறுவனங்களின் பங்களிப்பையும் சொல்லவேண்டும். 2024 மே மாதம், பிளிங்கிட் என்ற மளிகைச் செயலியில் கொத்தமல்லிக்கும் காசா என்று தன் தாயார் அதிர்ந்துபோனதை மும்பைக்காரர் ஒருவர் சமூக ஊடகத்தில் எழுதினார். பிளிங்கிட் நிறுவனத் தலைவர் அல்பிந்தர் தின்ட்ஸா உடனே, குறிப்பிட்ட காய்கறிகளோடு கொத்தமல்லி இலவசம் என்று அறிவித்தார். பாராட்டத்தக்க வேகம். ஆனால் செயலியைத் திறக்கும் எல்லோருக்கும் ஒரே அளவில் விழும் மல்லி கொசுறு ஆகாது. அது பூஜ்ய ரூபாய் விலையுள்ள சரக்கு. ஆள் பார்த்து, முகம் பார்த்து, வீட்டு நிலவரம் பார்த்து, வேண்டுமென்றே பாரபட்சமாக அள்ளி வைப்பதுதான் கொசுறு. அந்தப் பாரபட்சத்தைத்தான் நிறுவனங்கள் வாடிக்கையாளர் உறவு என்று பெயரிட்டு, மென்பொருளாகக் கோடிக்கணக்கில் வாங்குகின்றன.

இம்முடிவுகளை மறுபரிசோதனை செய்ய விரும்பும் ஆய்வாளர்கள் பையும் சில்லறையும் எடுத்துக்கொண்டு விடிகாலையிலேயே வரவும். மல்லி சீக்கிரம் தீர்ந்துவிடும். படிவம் கொண்டுவர வேண்டாம்.